டைரி எழுதுவது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் 28 வருடங்களாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் டைரிதான் உயிர். ஒரு வாய்தா தேதி, அதாவது கோர்ட் வரச் சொன்ன நாள், தவறினால் கட்சிக்காரரின் (எங்களிடம் வழக்கைக் கொடுத்தவரின்) வீடோ நிலமோ கைவிட்டுப் போகலாம். அந்தப் பயத்தில் பழகிய கை, வீட்டுக்கும் தனியாக ஒரு டைரி வைக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், புதிதாகச் சேரும் குமாஸ்தா பிள்ளைகள் என்று பலரும் சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

டைரின்னா நடந்ததை எழுதுறதா, போக வேண்டிய தேதியைக் குறிச்சு வைக்கிறதா?

இரண்டும்தான். இரண்டையும் ஒரே டைரியில் எழுதுங்கள். நிறையப் பேர் தேதி குறிக்க சுவர்க் காலண்டரையும், நடந்ததை எழுதத் தனி நோட்டையும் வைத்திருக்கிறார்கள். வருடம் முடிந்ததும் காலண்டர் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். நோட்டில் தேதி சரியாக இருக்காது. "அம்மாவுக்கு முதலில் சர்க்கரை இருக்குன்னு சொன்னது எப்போ?" என்று டாக்டர் கேட்கும்போது வீடே ஆளுக்கொரு வருடம் சொல்லும்.

ஒரே பக்கத்தில் மேலே "11 மணி, பல் டாக்டர்" என்று முன்பே குறித்திருக்கிறீர்கள். சாயங்காலம் வந்து அதன் கீழேயே "வேர் சிகிச்சை ஆரம்பம், மூன்று தடவை வரணும், 1,500 ரூபாய் கட்டியாச்சு, அடுத்தது 19" என்று எழுதுகிறீர்கள். போக வேண்டியதும் நடந்ததும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும்போதுதான் அது டைரி.

எந்த டைரி வாங்கணும்? ஓசியில வர்றது போதாதா?

தாராளமாகப் போதும். நகைக் கடையிலும் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் கிடைக்கும் டைரியிலேயே பல வருடம் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஒரு நாளுக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டையும் ஒரே பக்கத்தில் அடைத்த டைரி வீட்டுக்கு உதவாது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறது.

பேனா பால்பாயிண்டாக இருக்கட்டும். ஜெல் பேனா எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் பக்கமே மை ஓடிவிடும்.

ஜனவரியிலேயே ஆரம்பிக்காம விட்டுட்டேன். இனி அடுத்த வருஷம்தானா?

இன்றைய தேதிப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். முன்னால் இருக்கும் காலிப் பக்கங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னால் வரப்போகும் தேதிகளைக் குறிக்கத்தானே டைரி.

ஒரு தேதியைக் குறிக்கும்போது என்னென்ன எழுதணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கோர்ட் டைரியில் ஒவ்வொரு வழக்குக்கும் ஐந்து விஷயம் எழுதுவோம்: முன் தேதி, வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தேதி. இன்று கோர்ட்டில் அடுத்த வாய்தா சொன்னதும், இன்றைய பக்கத்தில் "அடுத்த தேதி" என்ற இடத்தில் அதை எழுதுவேன். அதோடு நிறுத்த மாட்டேன். உடனே அந்தத் தேதியின் பக்கத்தைப் புரட்டி, வழக்கு எண்ணைப் போட்டு, "முன் தேதி" என்ற இடத்தில் இன்றைய தேதியை எழுதுவேன். இப்படி ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்தைய பக்கத்தையும் பிந்தைய பக்கத்தையும் காட்டும். பத்து வருட வழக்காக இருந்தாலும், ஏதாவது ஒரு தேதி தெரிந்தால் போதும். பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்குக் காகிதக் கட்டைப் பிரிக்காமலே வழக்கு முழுவதையும் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிடலாம்.

இதை வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12 பக்கத்தில் இப்படி: "அம்மா, கண் டாக்டர், 10.30. முன்: டிசம்பர் 11. எதற்கு: கண் அழுத்தம் பார்க்க. கொண்டுபோக: பழைய சீட்டு, போடுகிற சொட்டு மருந்து. அடுத்தது:" என்று எழுதிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி இடம் முக்கியம். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் அது நிரம்பியாக வேண்டும். நிரப்பாமல் வீட்டுக்கு வந்தால் சங்கிலி அங்கேயே அறுந்தது என்று அர்த்தம். வண்டி சர்வீஸ், கேஸ் அடுப்பு ரிப்பேர், குழந்தையின் தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

வீட்டுக்கு வந்து நிதானமா எழுதிக்கலாமே, அங்கேயே எழுதணுமா?

அங்கேயே எழுதுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கோர்ட்டில் 14 என்று சொன்ன வாய்தாவைக் காதில் வாங்கிக்கொண்டு, ஆபீஸ் வந்து 15 என்று எழுதிவிட்டேன். 14 அன்று எங்கள் பக்கம் யாரும் ஆஜராகவில்லை. எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. கட்சிக்காரர் மேலூர்ப் பக்கத்து வயதான அம்மா. இருந்த ஒரே காணி அது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள் அவகாசம் உண்டு. எங்கள் சீனியர் வக்கீல் மறுநாளே மனுவைத் தயார் செய்தார். செலவுத் தொகை கட்டச் சொல்லி கோர்ட் மனுவை அனுமதித்தது. நிலம் தப்பியது. ஆனால் அதற்குள் அந்த அம்மா நான்கு மாதம் பஸ் ஏறி வந்துபோனார். ஒரு தடவைகூட என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தேதியைக் காதில் வாங்கும்போதே எழுதுகிறேன். எழுதியதும் கிழமையையும் சேர்த்து வாய்விட்டுப் படிக்கிறேன்: "பதினாலு, வியாழக்கிழமை." தேதி தப்பாக இருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதி வச்சும் மறந்துடுறேனே?

தேதி இருக்கும் பக்கத்தில் மட்டும் எழுதியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தைத் திறக்கும் அன்றைக்கு நேரம் கடந்திருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் இன்னொரு தேதி உண்டு: அதற்காக வேலையை ஆரம்பிக்க வேண்டிய நாள். அதையும் எழுதுங்கள். எத்தனை நாள் முன்பு என்பது விஷயத்தைப் பொறுத்தது. பொங்கலுக்கு ஜனவரி 13 அன்று ரயில் ஏற வேண்டுமா? இப்போது பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கிறது. அப்படியென்றால் நவம்பர் 14 பக்கத்தில் "காலை 8, டிக்கெட்" என்று இருக்க வேண்டும். (2024 நவம்பருக்கு முன் இது 120 நாள். பழைய டைரியைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.) வண்டி இன்சூரன்ஸுக்கு 15 நாள் முன்பு போதும். பாஸ்போர்ட்டுக்கு ஒரு வருடம் முன்பே எழுதுங்கள். பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன.

அப்புறம், டைரியை இரண்டு வேளை திறக்க வேண்டும். காலையில் இன்றைய பக்கம், ராத்திரி படுக்கும் முன் நாளைய பக்கம். எங்கள் ஆபீஸில் சாயங்காலமே மறுநாள் பக்கத்தைப் பார்த்து வழக்குக் கட்டுகளை எடுத்து அடுக்கிவிடுவோம். வீட்டிலும் நாளைக்கு வேண்டிய சீட்டு, ரசீது, ஆதார் நகல் எல்லாவற்றையும் ராத்திரியே பையில் போட்டுவிட்டால் காலையில் ஓட வேண்டியதில்லை.

தேதி மாறிட்டா அழிச்சுட்டு எழுதலாமா? ஒயிட்னர் போடலாமா?

வேண்டாம். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "டாக்டர் ஊரில் இல்லை, 22க்கு மாற்றம்" என்று எழுதுங்கள். மாறியதும் நடந்த விஷயம்தான். மூன்று தடவை தள்ளிப்போன வேலை எது என்று பிறகு பார்க்கும்போது, எங்கே சிக்கல் என்பது அதிலிருந்தே தெரியும். 22ஆம் தேதிப் பக்கத்துக்குப் போய் முன் தேதியைப் போட மறக்காதீர்கள்.

போன்லயே எல்லாம் இருக்கே, இந்தக் காலத்துல டைரி எதுக்கு?

போனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சரியான நேரத்துக்கு மணி அடிக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது. வழக்குகளுக்கே ஈ-கோர்ட்ஸ் செயலி வந்துவிட்டது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் அடுத்த வாய்தா தெரிகிறது. நானும் தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு என் டைரியோடு ஒத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறாக இருந்தால் மறுநாள் கோர்ட்டில் போய்க் கேட்பேன். ஒரே இடத்தை மட்டும் நம்பியிருந்தால் தப்பு இருப்பதே தெரியாது.

வீட்டுக்கும் அதுதான் என் யோசனை: டைரியில் எழுதுங்கள், போனில் மணி வையுங்கள். போனில் வைத்த மணி அடித்து ஓய்ந்ததும் விஷயம் முடிந்தது. அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார், மெக்கானிக் எந்தப் பாகத்தை மாற்றினார் என்பதெல்லாம் டைரிப் பக்கத்தில்தான் கிடைக்கும். இன்னொன்று, போன் ஒருவர் கையில் இருக்கிறது. மேஜை மேல் இருக்கும் டைரியை வீட்டில் எல்லோரும் பார்க்கலாம்.

அடுத்த வருஷத் தேதி, மூணு வருஷம் கழிச்சு வர்ற தேதியெல்லாம் எங்க எழுதுறது?

டைரியின் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். டெபாசிட் முதிர்வு, டிரைவிங் லைசென்ஸ், பாலிசி முடியும் மாதம் எல்லாம் அங்கே. புது டைரி கைக்கு வந்ததும் முதல் வேலை, அந்த வருடத்துக்கு உரியதை அந்தந்தப் பக்கத்தில் ஏற்றுவது. மீதியைப் புது டைரியின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுவது. எனக்கு இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆகும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று முறை வைத்து வருபவற்றையும் அன்றைக்கே குறித்துவிடுவேன்.

புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் கொடுத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். பொதுவாக மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஒரு குறிப்பு இருக்கட்டும். கெடு முடிந்து ஒரு வாரம் கழித்து நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். திருப்பி அனுப்ப மனசு கேட்காது.

'30 நாளுக்குள்'னு நோட்டீஸ் வந்தா எந்த நாள்லேர்ந்து எண்ணணும்? மூணு மாசம்னா 90 நாளா?

கோர்ட் கெடுக்களில் ஆரம்ப நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜனவரி 10 அன்று உத்தரவு என்றால் 11தான் முதல் நாள். 30ஆவது நாள் பிப்ரவரி 9. மாதம் என்று சொல்லியிருந்தால் காலண்டர் மாதம். மார்ச் 10லிருந்து மூன்று மாதம் என்றால் ஜூன் 10. அதை 90 நாள் என்று எண்ணினால் தேதி வேறாகிவிடும். கடைசி நாளன்று கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மற்ற நோட்டீஸ்களில் எப்படி எண்ண வேண்டும் என்பதை அதிலேயே படித்துப் பாருங்கள்.

இது கெடுவைத் தெரிந்துகொள்வதற்கான கணக்கு மட்டும். டைரியில் கடைசி நாளைச் சிவப்பில் குறித்துவிட்டு, பத்து நாள் முன்பே முடிக்கும்படி மேலே சொன்ன மாதிரி இன்னொரு குறிப்பும் எழுதுங்கள். நோட்டீஸ் என்றைக்குக் கையில் கிடைத்தது என்பதையும் அன்றைய பக்கத்தில் எழுதி, கவரையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதியாகத்தான் இருக்கும்.

திதி, நட்சத்திரப் பிறந்தநாள் எல்லாம் வருஷா வருஷம் மாறுதே, எப்படிக் குறிக்கிறது?

இங்கிலீஷ் தேதியை நம்பினால் தவறிவிடும். இறந்த நாளுக்குத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்ற மூன்றும் வேண்டும். பிறந்தநாளுக்கு மாதமும் நட்சத்திரமும். இவற்றை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் பஞ்சாங்கத்தையோ தினசரி காலண்டரையோ பார்த்து அந்த வருடத் தேதியில் ஏற்றுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டுப் புரோகிதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் தவறும்போது அன்றைய பக்கத்திலேயே நேரத்தையும் திதியையும் எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் எழுதத் தோன்றாதுதான். யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

நடந்ததை எழுதுன்னா எவ்வளவு எழுதணும்? எனக்கு எழுத்தே வராது.

நான்கு வரி போதும். யார், எங்கே, எவ்வளவு, என்ன சொன்னார். எழுத்து நடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த வியாபாரி அவர். இன்றைக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் தேடிப்போகும் ஆவணம் அது. அதில் என்ன இருக்கிறது? எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஆளுநர் என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள். தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு, பேச்சுவழக்கு கலந்த தமிழில் எழுதியிருக்கிறார். பார்த்ததையும் கேட்டதையும் தேதியோடு எழுதினாலே போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்களே பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். "தம்பி வந்தான்" வேறு, "தம்பி வந்ததாக அண்ணி சொன்னார்" வேறு. கடை பில்லை உள்ளே வைத்தால் மட்டும் போதாது. அந்தப் பளபளப்புக் காகிதத்தில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும். தொகையையும் கடையையும் கையால் எழுதுங்கள்.

வீட்டுல யாராவது எடுத்துப் படிச்சுட்டா?

மேஜை மேல் இருக்கும் டைரி எல்லோரும் பார்க்கத்தான். மனசுக்குள் இருப்பதை எழுத வேண்டும் என்றால் தனி நோட்டு வைத்துப் பூட்டுங்கள். அதை இந்த டைரியோடு கலக்க வேண்டாம். வேறு யாருடைய டைரியாவது கண்ணில் பட்டால், பிள்ளையினுடையதாகவே இருந்தாலும், மூடி வைத்துவிடுங்கள். ஏ.டி.எம். ரகசிய எண், பாஸ்வேர்டு இரண்டையும் எந்த டைரியிலும் எழுதக் கூடாது.

டைரில எழுதினது கோர்ட்டுல செல்லுமா?

எழுதியிருப்பதாலேயே ஒரு விஷயம் நிரூபணம் ஆகிவிடாது. "அவருக்கு 50,000 கொடுத்தேன்" என்று நீங்களே உங்கள் டைரியில் எழுதிக்கொண்டால் அவர் கடன்காரர் ஆகிவிட மாட்டார். அதற்குத்தான் புரோநோட்டு, வங்கி மூலம் பணம் எல்லாம்.

ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறும்போது டைரிக்கு ஒரு உபயோகம் உண்டு. சம்பவம் நடந்த சமயத்திலோ, நினைவு பசுமையாக இருக்கும்போதோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து, சாட்சி தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 159ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 162. எதிர்த்தரப்பு கேட்டால் அந்தக் குறிப்பைக் காட்ட வேண்டும், அதன் மேல் குறுக்கு விசாரணையும் வரும். அன்றன்றைக்கே எழுதுங்கள், ஒயிட்னர் போடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய டைரியை எத்தனை வருஷம் வச்சிருக்கணும்?

நான் எதையும் போட்டதில்லை. இடம் இல்லையென்றால் கடைசிப் பத்து வருடத்தையாவது வையுங்கள். முதுகில் வருடத்தை எழுதி, தரையில் வைக்காமல் அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள்.

அப்பா போன மாசம் தவறிட்டார். அலமாரி நிறைய அவர் டைரி. என்ன செய்றதுன்னே தெரியல.

எதையும் இப்போது எடைக்குப் போடாதீர்கள். படிக்க மனசு வரும்போது கடைசி மூன்று வருடத்து டைரிகளை மட்டும் முதலில் எடுங்கள். யாருக்குக் கொடுத்திருக்கிறார், யாரிடம் வாங்கியிருக்கிறார், எந்த வங்கியில் என்ன டெபாசிட், எந்த பாலிசி என்பதை ஒரு தாளில் குறியுங்கள். கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தால், மேலே சொன்ன மூன்று வருடக் கெடு முடிவதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். பழைய டைரிகளைப் படிக்க அவசரம் இல்லை. அதில் நீங்கள் பிறந்த நாளின் பக்கமும் இருக்கலாம்.

அப்புறம் இந்த வருட டைரியை எடுத்து, அவர் போன நாளுக்குப் பிறகு வரும் பக்கங்களைப் புரட்டுங்கள். கண்டிப்பாக ஏதாவது எழுதியிருப்பார்: அம்மாவின் மாத்திரை வாங்க வேண்டிய நாள், கொழுந்தியா மகள் கல்யாணம், வீட்டு வரி. அவற்றை உங்கள் டைரியில் அந்தந்தப் பக்கத்தில் ஏற்றுங்கள். "முன் தேதி" என்ற இடத்தில் அவர் எழுதிய பக்கத்தின் தேதியைப் போடுங்கள்.